ஆளில்லாத நிலம்: ரோமின் உடைந்த தொட்டிப்பாலமும் ஒரு சின்ன ஓவியமும்

இந்த எபிசோட் ஒரு ஓவியத்தைப் பற்றியது. முடிஞ்சா ஃபோனில் அந்தப் படத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு கேளுங்க. வண்டி ஓட்டிக்கிட்டே கேட்கிறவங்க தயவுசெஞ்சு வேண்டாம், நான் சொல்றதே போதும்.

படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கு. வரைந்தவர் கமில் கோரோ என்ற பிரெஞ்சு ஓவியர். வரைந்த வருடம் பெரும்பாலும் 1826. ரோம் நகரத்துக்கு வெளியே இருக்கும் காம்பான்யா சமவெளியையும், அதில் நிற்கும் கிளாடியன் தொட்டிப்பாலத்தையும் காட்டும் படம். ரொம்பச் சின்னது. 23 சென்டிமீட்டர் உயரம், 34 சென்டிமீட்டர் அகலம். ஒரு ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெருசு. காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, பிறகு கேன்வாஸில் ஒட்டியிருக்கிறார்கள்.

படத்தில் பாதிக்கு மேல் வானம்தான். மேகங்கள். கீழே பழுப்பும் பச்சையுமாக அலையலையாக விரியும் நிலம். நடுவில், தூரத்தில், வெயில் பட்டு நிற்கும் கல் வளைவுகள். சில இடத்தில் வரிசையாக, சில இடத்தில் உடைந்துபோய். அதற்கும் பின்னால் நீல நிறத்தில் மலைகள். அவ்வளவுதான்.

இந்தப் படத்தை ரெண்டு வருஷமா என் லேப்டாப்பில் வால்பேப்பரா வெச்சிருந்தேன். வேலை நடுவுல பார்த்தா மனசுக்கு அமைதியா இருக்கும். ஒரு நாள் அம்மா பின்னாடி வந்து நின்னு பார்த்தாங்க. "என்னடி இது, இவ்வளவு நிலம் கிடக்கு, ஒரு ஆடு மாடுகூடக் காணோம்?"

"அதாம்மா அழகு. எவ்வளவு அமைதியா இருக்கு பாரு."

"அமைதியா? எல்லாரும் காலி பண்ணிட்டுப் போன ஊர் மாதிரி இருக்கு" என்று சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அம்மா கிராமத்தில் வளர்ந்தவங்க. நிலத்தைப் பார்த்தா அங்கே யார் உழுறாங்க, யார் மேய்க்கிறாங்க என்றுதான் அவங்க கண் தேடும். எனக்கு அந்தக் கேள்வி ரெண்டு வருஷமா தோணவே இல்லை. ஒரு பெரிய நகரத்தின் வாசலில், இவ்வளவு விசாலமான நிலம், ஏன் காலியாக இருந்தது? அதைத் தேடிப் போனபோது கிடைத்த கதைதான் இன்றைக்கு.

மேலே ஓடிய ஆறு

முதலில் அந்த வளைவுகள் என்னவென்று பார்த்துவிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மாத்தூர் தொட்டிப்பாலம் பார்த்திருந்தீங்கன்னா உங்களுக்கு விஷயம் பிடிபடும். உயரமான தூண்கள், அதன் மேல் ஒரு நீளமான தொட்டி, தொட்டிக்குள் தண்ணீர். பள்ளத்தைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம். ரோமானியர்களின் அக்வடக்ட் என்பதும் இதே யோசனைதான். அவர்கள் கட்டியது கல்லிலும் செங்கல்லிலும்.

கோரோ வரைந்ததன் பெயர் அக்வா கிளாடியா. கி.பி. 38இல் கலிகுலா பேரரசர் வேலையைத் தொடங்கினார். 52இல் கிளாடியஸ் முடித்தார். ரோமுக்குக் கிழக்கே, ஆனியேனே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊற்றுகளிலிருந்து நகரம் வரை சுமார் 69 கிலோமீட்டர். பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. ஊற்று மேலே இருக்கிறது, நகரம் கீழே இருக்கிறது. நடுவில் மிக மெதுவான ஒரு சரிவைக் கடைசிவரை தவறாமல் பிடித்துக்கொண்டு போனால் தண்ணீர் தானாக வந்துவிடும்.

இந்த 69 கிலோமீட்டரில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில், மூடிய கால்வாயாகவே வருகிறது. நகரத்தை நெருங்கும்போதுதான் சிக்கல். சமவெளி தாழ்ந்துவிடுகிறது, ஆனால் தண்ணீர் ரோமின் குன்றுகள் மேல் ஏற வேண்டும். அதனால் உயரத்தை விட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் கடைசி 10 கிலோமீட்டர் போல வளைவுகள் மேல் கால்வாயைத் தூக்கி நிறுத்தினார்கள். சில இடங்களில் 27 மீட்டர் உயரம், அதாவது எட்டு ஒன்பது மாடி. அது மட்டுமில்லை, அதே வளைவுகளின் மேல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கால்வாய்கள் ஓடின. கீழே கிளாடியா, மேலே அனியோ நோவுஸ்.

சரி, கட்டினார்கள். அப்புறம்? நாம பொதுவா "ரோமானியர்கள் கட்டினது ரெண்டாயிரம் வருஷமா நிக்குது, நாம போட்ட ரோடு ரெண்டு மழை தாங்கலை" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவோம். இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான விஷயம். அக்வா கிளாடியா திறந்து பத்து வருடம்கூட ஒழுங்காக ஓடவில்லை.

ரோமில் போர்ட்டா மஜோரே என்று ஒரு பெரிய வாசல் இருக்கிறது. அது நகர வாசலாக ஆனது பின்னால்தான். முதலில் அது இந்தக் கால்வாய்கள் சாலையைத் தாண்டிப்போவதற்காகக் கட்டிய வளைவு. அதன் நெற்றியில் மூன்று கல்வெட்டுகள். முதலாவது, இதைக் கட்டியது நான் என்கிற கிளாடியஸ். இரண்டாவது வெஸ்பாசியன், வருடம் 71. ஒன்பது வருடமாகத் தண்ணீர் வராமல் சிதைந்து கிடந்ததை என் செலவில் சரிசெய்தேன் என்கிறார். மூன்றாவது அவர் மகன் டைட்டஸ், பத்து வருடம் கழித்து, 81இல். மறுபடியும் பழுது, மறுபடியும் செலவு. நம்ம ஊரில் பாலத்துக்குத் திறப்பு விழாக் கல் பதிப்பாங்க இல்ல, அதே மாதிரி ஒரே சுவரில் மூன்று கல்.

எழுநூறு பேர்

அப்படியானால் இது பல நூற்றாண்டு ஓடியது எப்படி? அதற்கான பதில் ஒரு அதிகாரியின் புத்தகத்தில் இருக்கிறது. கி.பி. 97இல் ஃப்ரான்டினஸ் என்பவர் ரோமின் தண்ணீர் வாரியத் தலைவர் மாதிரியான பதவிக்கு வந்தார். தான் பார்த்த வேலையை அப்படியே எழுதிவைத்தார். எந்தக் கால்வாய் எவ்வளவு நீளம், எவ்வளவு தண்ணீர், எங்கே கசிவு, யார் திருடுகிறார்கள் என்பது வரை. ஆமாம், திருட்டு. போகிற வழியில் கால்வாயில் ஓட்டை போட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள், நகரத்துக்குள் சாலைக்கு அடியில் ரகசியக் குழாய் போட்டு விற்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் புலம்புகிறார். எகிப்தின் பிரமிடுகள் சும்மா நிற்கின்றன, எங்கள் கால்வாய்களோ வேலை செய்கின்றன என்று ஒரு இடத்தில் பெருமையும் அடித்துக்கொள்கிறார்.

அவர் கொடுக்கும் ஒரு கணக்குதான் என்னை நிறுத்தியது. கால்வாய்களைப் பராமரிக்க இரண்டு குழுக்கள் இருந்தன. ஒன்றில் 240 பேர், இன்னொன்றில் 460 பேர். மொத்தம் 700. எல்லாருமே அடிமைகள். தொட்டிக் காவலர்கள், வழி நெடுகச் சுற்றிவந்து பார்ப்பவர்கள், கல் பாவுபவர்கள், பூச்சு வேலைக்காரர்கள். நீரில் இருக்கும் சுண்ணாம்பு கால்வாய்க்குள் கெட்டியாகப் படிந்து வழியை அடைக்கும், அதைக் கொத்தி எடுக்க வேண்டும். வளைவுகளில் விரிசல் விழும், அடைக்க வேண்டும். மரத்தின் வேர் கட்டடத்தைப் பிளக்கும், வெட்ட வேண்டும்.

அதற்கு ஒரு சட்டமே இருந்தது. வளைவுகளின் இரண்டு பக்கமும் 15 அடிக்கு மரம், கட்டடம், கல்லறை எதுவும் இருக்கக் கூடாது. யோசிச்சுப் பாருங்க. அந்த வளைவைச் சுற்றி அன்றைக்கும் காலி இடம் இருந்தது. அந்தக் காலி இடத்தை ஆட்கள் தினமும் வேலை செய்து காலியாக வைத்திருந்தார்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களில் வளைவுகளின் தலையில் செடி கொடி முளைத்து அழகாகத் தொங்கும். அந்தச் செடியைப் பிடுங்க வேண்டிய ஆள் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

தண்ணீர் நின்ற வருடம்

இப்போ 537க்கு வரலாம். மேற்கு ரோமப் பேரரசு விழுந்து அறுபது வருடம் ஆகிவிட்டது. இத்தாலியை ஆள்வது கோத் மன்னர்கள். கான்ஸ்டான்டினோப்பிளில் இருக்கும் பேரரசர் ஜஸ்டினியன், ரோமை மீட்கத் தளபதி பெலிசாரியஸை அனுப்புகிறார். பெலிசாரியஸ் நகரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கிறார். கோத் மன்னர் விட்டிகெஸ் வெளியே முற்றுகை போடுகிறார். பெலிசாரியஸின் செயலாளராக இருந்த புரொகோபியஸ் இதை எல்லாம் கூடவே இருந்து பார்த்து எழுதியிருக்கிறார்.

விட்டிகெஸ் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ரோமுக்கு வரும் கால்வாய்களை வெட்டுவது. தண்ணீர் நின்றதும் குளியல் கூடங்கள் நின்றன. அதைவிடப் பெரிய அடி, மாவு மில்கள் நின்றன. ஜனிக்குலம் குன்றின் சரிவில் கால்வாய்த் தண்ணீரின் வேகத்தில்தான் மில்கள் சுற்றின. முற்றுகையில் இருக்கும் நகரத்துக்கு மாவு இல்லை என்றால் முடிந்தது. பெலிசாரியஸ் என்ன செய்தார் தெரியுமா? டைபர் ஆற்றில் இரண்டு இரண்டு படகுகளாகக் கட்டி, நடுவில் நீர்ச்சக்கரத்தைத் தொங்கவிட்டு, படகின் மேல் மில்லை ஓட்டினார். அந்த மிதக்கும் மில் யோசனை ரோமில் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது.

வெறும் கால்வாயின் வாய்களைக் கல் வைத்து அடைக்கவும் சொன்னார். காரணம், போன வருடம் நேப்பிள்ஸ் நகரத்தை அவரே பிடித்தது அப்படித்தான். அங்கே தண்ணீர் வராத கால்வாய்க்குள் தன் வீரர்களைத் தவழ்ந்து போகவிட்டு, ராத்திரியில் நகரத்துக்குள் இறக்கினார். தான் செய்ததை எதிரியும் செய்வான் என்று அவருக்குத் தெரியும்.

நம் ஓவியத்தின் இடத்துக்கு இங்கே ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. ரோமுக்குத் தென்கிழக்கே இரண்டு தொட்டிப்பாலங்கள் ஓரிடத்தில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் வெட்டிக்கொள்கின்றன. நடுவில் கண் வடிவத்தில் ஒரு இடம் அடைபடுகிறது. கோத் படை அந்த வளைவுகளைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்து, அதையே கோட்டையாக்கிக்கொண்டது. உள்ளே ஏழாயிரம் பேர் இருந்தார்கள் என்கிறார் புரொகோபியஸ். கடைசியில் அந்த முகாமில் கொள்ளைநோய் வந்து கோத்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள் என்றும் எழுதுகிறார். நோய் என்ற சொல்லை ஞாபகம் வெச்சுக்கோங்க. மறுபடி வரும்.

"அப்போ கோத் படைதான் உடைச்சது, கதை முடிஞ்சது" என்று நினைக்க வேண்டாம். முற்றுகைக்குப் பிறகும் சில கால்வாய்களைச் சரிசெய்தார்கள். எட்டாம் நூற்றாண்டில்கூட போப் முதலாம் ஹேட்ரியன் பழுது பார்த்திருக்கிறார். ஆனால் ஒரு காலத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இருந்ததாக மதிப்பிடப்படும் நகரம், சில பத்தாயிரம் பேர் வாழும் ஊராகச் சுருங்கிவிட்டது. மீதி இருந்தவர்கள் குன்றுகளை விட்டு இறங்கி, டைபர் ஆற்றின் வளைவில் நெருக்கி வாழ்ந்தார்கள். ஆற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் குடித்தார்கள். எழுநூறு பேருக்குச் சோறு போட்டுக் கால்வாயைச் சுத்தம் செய்யும் அரசாங்கம் இல்லை.

பெரிய உடைப்பு ஒன்று வந்தது 1580களில்தான். போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் நகரத்துக்குப் புதுக் கால்வாய் ஒன்று கொண்டுவந்தார். அவருடைய சொந்தப் பெயர் ஃபெலிசே, அதனால் கால்வாய் அக்வா ஃபெலிசே. 1587இல் தண்ணீர் வந்துவிட்டது. வேகமாக முடிய ஒரு காரணம், கல்லுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பழைய வளைவுகளைப் பிரித்து, அதே கல்லை வைத்துப் புதுசைக் கட்டினார்கள். ஆக, கோரோ பார்த்த இடைவெளிகளில் பல, எதிரிப் படை போட்ட ஓட்டைகள் கிடையாது. தண்ணீர் கொண்டுவருவதற்காகவே தொட்டிப்பாலத்தை இடித்திருக்கிறார்கள். கோரோ நின்ற சமவெளியில் அந்த ஃபெலிசே கால்வாயில் அப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போ தண்ணீரும் இருந்தது, நிலமும் இருந்தது. ஆள் ஏன் இல்லை?

கெட்ட காற்று

பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவின் ஓவியர்கள், கவிஞர்கள், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ரோமுக்கு வந்தார்கள். காம்பான்யாவை வரையாத ஓவியர் இல்லை. ஜெர்மானியக் கவிஞர் கெதே அங்கே சாய்ந்து உட்கார்ந்திருப்பது போல டிஷ்பைன் 1787இல் வரைந்த படம் ரொம்பப் பிரபலம். பின்னால் தொட்டிப்பாலத்தின் இடிபாடு தெரியும். அதைவிடப் பிரபலமான விஷயம், அதில் கெதேவுக்கு இரண்டுமே இடது கால் மாதிரி இருக்கும். படத்தைத் தேடிப் பார்த்துச் சிரிச்சுட்டு வாங்க.

அமெரிக்க ஓவியர் தாமஸ் கோல் 1832இல் இதே தொட்டிப்பாலத்தைப் பெரிய கேன்வாஸில் வரைந்தார். வளைவுகள், ஒரு கோபுரம், மாலை வெளிச்சம், ஆடுகள். முன்பக்கத்தில், புல்லுக்கு நடுவே ஒரு மண்டையோடு. பேரரசுகள் எல்லாம் இப்படித்தான் அழியும், ஜாக்கிரதை என்று தன் நாட்டுக்காரர்களுக்குச் சொல்லும் பாடம் அது. நல்ல படம்தான். ஆனால் அந்த மண்டையோடு பழைய ரோமானியருடையது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த நிலத்தில் அந்த வருடமே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

மலேரியா. அந்தச் சொல்லே இத்தாலியச் சொல். மாலா ஆரியா, கெட்ட காற்று. கோடை வந்தால் தாழ்நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சலைத் தருகிறது என்று நம்பினார்கள். காம்பான்யா உலகத்திலேயே மோசமான மலேரியாப் பகுதிகளில் ஒன்றாகப் பெயர் எடுத்திருந்தது.

நிலம் முழுக்கச் சில பிரபுக் குடும்பங்களிடமும் தேவாலய அமைப்புகளிடமும் இருந்தது. பிரம்மாண்டமான பண்ணைகள். அவர்கள் அங்கே குடியிருக்கவில்லை. குளிர்காலத்தில் அப்ரூட்ஸோ மலைகளிலிருந்து இடையர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்குவார்கள், கோடை தொடங்கும் முன் மலை ஏறிவிடுவார்கள். ஆனால் கோதுமை அறுவடை கோடையில்தான். அதற்கு மலைக் கிராமங்களிலிருந்து கூலி ஆட்களைக் கூட்டமாகக் கூட்டி வருவார்கள். அவர்கள் வைக்கோல் குடிசைகளிலும், குகைகளிலும், இடிபாடுகளுக்குள்ளும் தூங்கினார்கள். கொசு கடிப்பது ராத்திரியில். அறுவடை முடிந்து ஊர் திரும்பியவர்கள் கூலியோடு காய்ச்சலையும் கொண்டுபோனார்கள். சிலர் திரும்பவே இல்லை.

வெளியூரிலிருந்து வந்த ஓவியர்களுக்கு இது தெரியும். வசதி உள்ளவர்கள் கோடையில் குன்றுப் பக்கம் போய்விடுவார்கள். ஓவியத்தின் பின்னணியில் நீலமாகத் தெரிகிறதே, அந்த ஆல்பன் குன்றுகளுக்கு. ஒரே படத்தில் முன்னால் காய்ச்சல், பின்னால் பாதுகாப்பு. இதை அறிந்த பிறகு அந்த நீலத்தை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

கொசுவலைக்குள் ஒரு ஓவியர்

கொசுதான் காரணம் என்று தெரிய 1890கள் வரை ஆனது. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1898இல் இத்தாலியில் ஜொவான்னி பத்திஸ்தா கிராஸியும் அவருடைய சக ஆய்வாளர்களும், மனிதர்களுக்கு மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் வகைக் கொசு என்று நிறுவினார்கள். இரண்டு பேருக்கும் யார் முதல் என்று பெரிய சண்டை. அது தனி எபிசோட்.

ஆனால் கெட்ட காற்று என்ற நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. அதனால் லண்டனில் இருந்த பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் 1900இல் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். இங்கிலாந்தில் ஒரு மர வீடு செய்து, அதைக் காம்பான்யாவின் கடலோரப் பகுதிக்கு, ஆஸ்டியா அருகே, கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் கம்பி வலை. மலேரியாவின் உச்சப் பருவமான ஜூலை முதல் அக்டோபர் வரை லோ, சாம்பன் என்ற இரண்டு மருத்துவர்களும் டெர்ஸி என்பவரும் இரண்டு வேலையாட்களும் அதற்குள் வாழ்ந்தார்கள். பகலில் வெளியே திரிவார்கள். சூரியன் சாயும் முன் உள்ளே வந்துவிடுவார்கள். ஜன்னல்கள் திறந்தே இருக்கும், ராத்திரிக் காற்று முழுக்க உள்ளே வரும். குயினைன் மாத்திரை கிடையாது. சுற்றிலும் இருந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. இவர்கள் ஒருவருக்கும் வரவில்லை.

அதே வருடம் ரோமில் நோயாளிகளைக் கடித்த கொசுக்களை உயிரோடு லண்டனுக்கு அனுப்பினார்கள். மேன்சனின் சொந்த மகன், மருத்துவ மாணவர், தன்னைக் கடிக்கவிட்டார். மலேரியாவே இல்லாத லண்டனில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. குயினைனில் பிழைத்தார். காற்றின் மேல் இருந்த பழி கொசு மேல் வந்தது.

அந்த வீட்டில் இருந்த டெர்ஸியைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக முடியாது. அமெதேயோ டெர்ஸி, அவர் ஒரு ஓவியர். பின்னாளில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகப் பூச்சிகளை வரைந்தார். நூற்றாண்டுக் கணக்கில் ஓவியர்கள் காம்பான்யாவுக்கு வந்து வானத்தையும் வளைவையும் வரைந்தார்கள். இவர் வலைக்குள் உட்கார்ந்து, அந்த நிலத்தைக் காலியாக்கிய கொசுவை வரைந்தவர்.

அதற்குப் பிறகு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் குயினைனைப் புகையிலைக் கடைகள் வழியாகவே மலிவாகக் கிடைக்கச் செய்தது. ஆஞ்சலோ செல்லி என்ற மருத்துவரும் அவர் மனைவி அன்னாவும், சில எழுத்தாளர்களும், துயிலியோ கம்பெல்லோத்தி என்ற ஓவியரும் சேர்ந்து காம்பான்யாவின் கூலிக் குடும்பங்களுக்குப் பள்ளிகள் நடத்தினார்கள். வடிகால் வெட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி வந்தது. 1970இல் இத்தாலியில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

வளைவுக்கு அடியில் வீட்டு எண் 725

காய்ச்சல் போனது, ஆட்கள் வந்தார்கள். நகரம் வளர்ந்து வளைவுகள் வரை வந்துவிட்டது. தெற்கு இத்தாலியிலிருந்தும் அப்ரூட்ஸோவிலிருந்தும் வேலை தேடி வந்த ஏழைகள் தங்க இடமில்லாமல் அக்வா ஃபெலிசே வளைவுகளின் அடியிலேயே குடிசை போட்டார்கள். வளைவு பின்சுவர், மேலே தகரம். முசோலினி காலத்து 1939 சட்டம் ஒன்று இருந்தது. வேலை இருந்தால்தான் நகரத்தில் குடியிருப்புப் பதிவு, பதிவு இருந்தால்தான் வேலை. அது 1961 வரை அமலில் இருந்தது. அதனால் பலர் ரோமில் வாழ்ந்தும் ரோமின் கணக்கில் இல்லை.

ஃபெல்லினியின் 'லா டோல்சே வீட்டா' படம் பார்த்திருக்கீங்களா? 1960இல் வந்தது. முதல் காட்சியிலேயே ஒரு ஹெலிகாப்டர் இயேசு சிலையைத் தொங்கவிட்டுக்கொண்டு இந்தத் தொட்டிப்பாலங்களுக்கு மேலே பறந்து போகும். சினிமா வரலாற்றின் புகழ்பெற்ற காட்சி. அதே காலத்தில் அந்த வளைவு வரிசையில்தான் குடிசைகள் இருந்தன.

1968இல் ரொபெர்தோ சார்தெல்லி என்ற இளம் பாதிரியார் அங்கே வந்தார். தேவாலய வீட்டில் தங்காமல் குடிசைப் பகுதியிலேயே ஒரு குடிசையில் குடியேறினார். அதில் குழந்தைகளுக்கு மாலைப் பள்ளி தொடங்கினார். குடிசையின் கதவு எண் 725, அதனால் பள்ளியின் பெயரும் 'பள்ளி 725'. அந்தப் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து ரோம் மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, குளிரும் ஈரமும் தாங்க முடியவில்லை, எங்களை ஏன் இப்படி விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தலைக்கு மேலே ஒரு நகரத்துக்கான தண்ணீர் ஓடும் கால்வாய். கீழே வீட்டுக்குக் குழாய் கிடையாது.

1973இல் குடிசைகளை இடித்தார்கள். பல குடும்பங்களுக்கு நகரத்தின் மறுகோடியில், கடலோரத்தில், ஆஸ்டியா பக்கம் அடுக்குமாடி வீடு கிடைத்தது. குழாயும் கழிப்பறையும் கிடைத்தன. பழகிய இடமும் வேலையும் தூரமாகிவிட்டன. இந்தக் கதையை எங்கேயோ பக்கத்திலேயே கேட்ட மாதிரி இருக்கா? எனக்கும்தான்.

வளைவுகள் மறுபடியும் காலியாகின. இன்றைக்கு அந்த இடத்தின் பெயர் பார்கோ தெல்யி அக்வெதோத்தி, தொட்டிப்பாலங்களின் பூங்கா. மெட்ரோ ஏ லைனில் இறங்கி நடந்தே போகலாம். காலையில் ஜாகிங் போகிறவர்கள், நாயோடு வருகிறவர்கள், மாலையில் வளைவுக்குப் பின்னால் இறங்கும் சூரியனை ஃபோட்டோ எடுக்கிறவர்கள். எடுத்த ஃபோட்டோக்களைப் பாருங்க, முக்கால்வாசி கோரோவின் படம் மாதிரியே இருக்கும். வானம், புல், வளைவு. ஆள் ஃப்ரேமில் வராமல் பார்த்துத்தான் எடுப்போம். நானும் அப்படித்தான் எடுப்பேன்.

கோரோ மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஒரு வெளிச்சம் மேகத்துக்கு நடுவில் நிலத்தில் விழுகிறது, அது நகர்வதற்குள் பிடிக்க வேண்டும் என்று ஒரு முப்பது வயது இளைஞர் மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார். அவர் பார்த்ததை நேர்மையாக வரைந்தார். அந்த நிலம் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. அது ஏன் அப்படி இருந்தது என்று கேட்க வேண்டியது பார்க்கிற நம்ம வேலை. ரெண்டு வருஷமா தினமும் பார்த்தும் நான் கேட்கலை. அம்மா ஒரே பார்வையில் கேட்டுட்டாங்க.

இந்தக் கதையை முழுசா அம்மாகிட்ட சொன்னேன். எழுநூறு அடிமைகள், கோத் படை, கொசு, குடிசை எல்லாத்தையும். பொறுமையா கேட்டுட்டு, "அந்த 725ஆம் நம்பர் பிள்ளைங்க லெட்டர் எழுதினாங்களே, மேயர் பதில் போட்டாரா?" என்று கேட்டாங்க. வீடு கொடுக்கச் சில வருஷம் ஆச்சும்மா என்றேன். "ம்" என்றாங்க.

வால்பேப்பரை மாற்றவில்லை. இப்பவும் அழகாத்தான் இருக்கு. ஆனா அமைதியா இருக்குன்னு மட்டும் சொல்றதில்லை.

உங்க ஃபோனிலோ, வீட்டுச் சுவரிலோ, ஆபீஸ் லாபியிலோ இப்படி ஒரு ஆளில்லாத நிலத்தின் படம் இருந்தா, அது எந்த இடம், அங்கே யார் இருந்தாங்க என்று ஒரு தடவை தேடிப் பாருங்க. கிடைச்சதை எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில், பாக்கி வெச்ச அந்த ராஸ் - கிராஸி சண்டையோட சந்திப்போம்.